மாதிரி றொக்கற்றுக் கலையின் தோற்றமும் வளர்ச்சியும்

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4ஆந் திகதி, சோவியத்து நாட்டார் 184 இறாத்தல் நிறையுடைய ஸ்புட்னிக் என்னுஞ் செயற்கைச் சந்திரனைப் பூமியைச் சுற்றிவருமாறு ஏவினர். அந்நிகழ்ச்சி வல்லரசுகளின் அரசியலிலும் படைத்துறையிலும் கல்வித் திட்டங்களிலும் விளைத்த மாற்றங்களை வரலாற்றாசிரியர் பலர் விரித்தெழுதியுள்ளனர். ஆயின், அத்துணை பேசப்படாத விளைவொன்றும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்களிலும் நகர்ப்புறங்களிலும் வாழ்ந்த பள்ளிச் சிறுவர் பலர், தாமும் றொக்கற்றுச் செய்து வானில் விடவேண்டுமென்னும் வேட்கை கொண்டனர். வேட்கை பெரிது, வழிகாட்டுவார் அரியர். உலோகக் குழாய்த் துண்டுகளில் தீக்குச்சி மருந்தையும் துத்தநாகத் தூளையும் கந்தகத்தையும் அடைத்து வீட்டுக் கொட்டில்களில் அவர்கள் செய்த கருவிகளிற் சில மேலெழுந்தன. சில வைத்த இடத்திலேயே வெடித்துச் சிதறின. விரலிழந்தோரும் கண்ணிழந்தோரும் உயிரிழந்தோரும் உளர்.

இதனைச் சிறுவரின் அறியாமை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. றொக்கற்றுத் துறையின் முன்னோடிகளாய் விளங்கிய அறிஞர் சிலரும் இவ்வாறே மாண்டனர். ஒஸ்திரியரான மக்ஸ் வாலியர் 1930ஆம் ஆண்டு மே மாதத்திற் பேர்லினில் உந்துபொறி ஒன்றைப் பரிசோதிக்கும்போது அது வெடித்தமையால் இறந்தார். திண்ம எரிபொருள் றொக்கற்றுகளிற் பெயர்பெற்ற ஜேர்மானியரான றைனோல்ட் ரீலிங் 1933ஆம் ஆண்டு தம் பட்டறையில் நேர்ந்த வெடிவிபத்தில் உதவியாளர் இருவருடன் உயிர் நீத்தார். வல்லார்க்கே இக்கதி நேர்ந்ததாயின், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தாயறியாமற் கொட்டிலிலே செய்யும் முயற்சி எவ்வாறு முடியும் என்பது சொல்லாமலே விளங்கும்.

பெரியோர் இதனை இரு வகையாக எதிர்கொண்டனர். ஒரு சாரார் தடையை நாடினர். வாணங்களை விலக்கும் மாநிலச் சட்டங்கள் பல ஏற்கெனவே இருந்தன. அவை றொக்கற்றுக்கும் பொருந்துமென்று அதிகாரிகள் கொண்டனர். மற்றொரு சாரார், சிறுவரைத் தடுத்தல் இயலாதாகலின் அவர்களைக் கண்காணித்தல் வேண்டுமென்றனர். அமெரிக்கத் தரைப்படையைச் சேர்ந்த கப்டன் பேர்ட்ரண்ட் பிறின்லி என்பார் இக்கொள்கையினர். அவர் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட கைந்நூல், எரிபொருள் கலத்தலையும் காப்பரண் கட்டுதலையும் ஏவுதளம் அமைத்தலையும் சிறுவர்க்கு முறையாக எடுத்துரைத்தது. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுத்தனராயினும் ஒரு கருத்திலே இருவரும் ஒன்றுபட்டிருந்தனர். றொக்கற்றுச் செய்பவன் அதன் எரிபொருளையும் தானே செய்வான் என்பதே அது. மாதிரி றொக்கற்றுக் கலையின் வரலாறு, இக்கருத்தை ஒரு மனிதர் கைவிட்ட இடத்திலே தொடங்குகின்றது.

அவர் பொறியியலாளர் அல்லர். படைத்துறை சார்ந்தவரும் அல்லர். நெப்ராஸ்கா மாநிலத்திலுள்ள நோர்போக் என்னும் ஊரிற் சப்பாத்துக் கடை வைத்திருந்தவர். ஓர்வில் கார்லைல் (1917 - 1988) என்பது பெயர். வாணங்களின் வரலாற்றிலும் செய்முறையிலும் அவருக்கு நெடுநாள் ஈடுபாடு இருந்தது. அவருடைய தமையனோ தம்பியோ எனத் துணிந்துரைக்க வேண்டாத உடன்பிறப்பான றொபேட் என்பார் மாதிரி விமானங்களில் ஆர்வமுடையவர். றொக்கற்று விசையின் தத்துவத்தை விளக்கிக் காட்டுதற்கு ஒரு மாதிரி தேவையென்று றொபேட் கேட்க, 1954ஆம் ஆண்டளவில் ஓர்வில் ஒன்றைச் செய்துகொடுத்தார். கடதாசிக் குழாயே அதன் உடல்; மூக்கும் செட்டைகளும் பால்சா என்னும் இலேசான மரத்தால் ஆயவை. தனியே செய்த சிறு உந்துபொறியைப் பின்புறமாகச் செருகி, எரிந்து முடிந்தபின் கழற்றி, வேறொன்றை இட்டு மீண்டும் பறக்கவிடலாம். உச்சியை அடைந்ததும் பரசூட் விரிந்து றொக்கற்று மெல்ல இறங்கும். இதற்கு 1958ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. உரிமைப் பத்திரத்திலே 'விளையாட்டு றொக்கற்று' என்றே அது பெயர் பெற்றது.

கடதாசியைத் தேர்ந்தமை சிறிய செய்தி போலத் தோன்றலாம். வரலாற்றை நோக்கின் அதன் பெருமை புலப்படும். 1780ஆம் ஆண்டு காஞ்சிபுரத்துக்கு அணித்தாகவுள்ள பொள்ளிலூரில் ஆங்கிலக் கம்பனிப் படையை முறியடித்த போரிலே மைசூர்ப் படையினர் ஏவிய வாணங்கள் இரும்புக் குழாயால் ஆனவை. இரும்பு மிகுந்த அமுக்கத்தைத் தாங்கவல்லது. ஆதலின் அவை ஐரோப்பியர் அதுகாறும் கண்டறியாத தூரம் பாய்ந்தன. அவற்றைக் கண்டு கற்றே வில்லியம் கொங்கிறீவ் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தானியப் படைக்கு வாணங்களைச் செய்தார். கடதாசியிலிருந்து இரும்புக்கு மாறியமை போர்க்கலையின் வளர்ச்சி. கார்லைல் அவ்வழியே திரும்பி நடந்தார். கடதாசிக் குழாய் வெடிப்பினும் கூரிய துண்டுகளாய்ப் பாயாது. தலைமேல் வீழினும் மண்டையைப் பிளவாது. பின்னர் எழுந்த பாதுகாப்பு விதிகள், மூக்கிலும் உடலிலும் செட்டையிலும் உலோகம் இருத்தல் ஆகாதென்று வற்புறுத்தியதும் இதுபற்றியே.

உந்துபொறியின் உள்ளமைப்பும் அறியத்தக்கது. வெடியுப்பு, கரி, கந்தகம் என்பன கலந்த பழைய கருமருந்தே எரிபொருள். தடித்த கடதாசிக் குழாயின் ஒரு முனையிற் களிமண்ணாலான துளைவாய் இருக்கும். அதற்குமேல் உந்துமருந்து, அதற்குமேல் உந்தாது புகைமட்டும் விட்டு மெதுவாக எரியுந் தாமதமருந்து, அதற்குமேல் ஒரு சிறிது வெடிமருந்து. உந்துமருந்து ஒரு கணப்பொழுதிலே எரிந்து முடியும். றொக்கற்று, பெற்ற வேகத்தால் மேலும் எழுந்துகொண்டிருக்கும். அவ்வளவில் தாமதமருந்து எரிந்து தீர, இறுதியிலுள்ள மருந்து முன்னோக்கி வெடித்து மூக்கைத் தள்ளிப் பரசூட்டை வெளியேற்றும். திருவிழாக்களில் விடும் ஈர்க்கு கட்டிய வாணத்திலும் உச்சியிற் பூச்சிதறுதற்கு இத்தகைய ஒழுங்கே உண்டு. வேறுபாடு யாதெனின், வாணம் எரிந்தழிதற்கென்றே செய்யப்பட்டது. மாதிரி றொக்கற்றோ திரும்பி வருதற்கென்று செய்யப்பட்டது. வாணத்தை நேராகச் செலுத்தும் ஈர்க்கின் தொழிலை இங்கே செட்டைகள் செய்கின்றன.

கார்லைலின் கண்டுபிடிப்பு நோர்போக் ஊரளவில் நின்றிருக்கவுங் கூடும். அதனை உலகறியச் செய்தவர் ஹரி ஸ்ரைன் (1928 - 1997) என்பார். அவர் நியூ மெக்சிக்கோவிலுள்ள வைற் சாண்ட்ஸ் ஏவுதளத்திற் பணியாற்றிய பொறியியலாளர், எழுத்தாளருமாவர். பெரிய றொக்கற்றுகளை ஏவுந் தொழில் எவ்வளவு விழிப்புடன் நடத்தப்படுகின்றதென்பதை விளக்கி 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சஞ்சிகையில் அவர் கட்டுரை எழுதினார். அதனைப் படித்த கார்லைல் தம் மாதிரிகள் சிலவற்றை அவருக்கு அனுப்பிவைத்தார். சிறுவர் பலரின் ஆபத்தான முயற்சிகளைப் பற்றிக் கடிதங்கள் வாயிலாக அறிந்து கவன்றிருந்த ஸ்ரைன், அவற்றை ஏவிப் பார்த்தவுடனே தாம் தேடிய விடை இதுவே எனக் கண்டுகொண்டார். ஸ்புட்னிக் எழுவதற்குச் சில மாதங்கள் முன்னரே இது நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. நோய் பரவுமுன் மருந்து ஆயத்தமாகிவிட்டது என்னலாம். ஸ்ரைன் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் மாதிரி றொக்கற்றுகளை விற்குங் கம்பனி ஒன்றைத் தொடங்கினார். பின்னர்த் தேசிய றொக்கற்றுச் சங்கம் எனப் பெயர்பெற்ற அமைப்பும் அவர் முயற்சியால் 1957ஆம் ஆண்டில் உருவாயிற்று. அவர் எழுதிய மாதிரி றொக்கற்றுக் கைந்நூல் 1965ஆம் ஆண்டில் முதலில் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது.

கம்பனி தொடங்கியதும் இடரொன்று தோன்றிற்று. றொக்கற்று உறுப்புகளை எவருஞ் செய்யலாம். ஒரே தன்மையான உந்துபொறிகளை ஆயிரக்கணக்கில் யார் செய்வது? கையாற் செய்பவை ஒன்றுபோல் ஒன்று இரா. ஒன்றுபோல் ஒன்று இராதவை சிறுவர் கையிற் கொடுத்தற்கு உரியவையும் அல்ல. டென்வர் நகரில் வாணத்தொழில் செய்த குடும்பமொன்றைச் சேர்ந்த வேர்ணன் எஸ்ரிஸ் என்னும் இளைஞர் இப்பொறுப்பை ஏற்றார். அவர் அமைத்த இயந்திரம் 1959ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இயங்கத் தொடங்கி, ஐந்தரைச் செக்கனுக்கு ஒன்றாக உந்துபொறிகளை அழுத்தித் தள்ளிற்று. அதற்கு 'மேபிள்' என்று ஒரு பெண்பெயரும் வழங்கிற்று. ஸ்ரைனின் கம்பனி விற்கக்கூடியதினும் மிகுதியாக மேபிள் ஆக்கித் தள்ளவே, எஸ்ரிஸ் 1960ஆம் ஆண்டிலே தாமே உறுப்புப் பெட்டிகளைத் தபால்மூலம் விற்கத் தலைப்பட்டார். ஸ்ரைனின் கம்பனி நெடுநாள் நிலைக்கவில்லை. எஸ்ரிஸின் தொழிலோ 1961ஆம் ஆண்டிற் பென்றோஸ் என்னுஞ் சிற்றூருக்குப் பெயர்ந்து, உலகெங்கும் பெயர் பரவுமளவுக்கு வளர்ந்தது. கொள்கையை வகுத்தவர் ஒருவர். அதனை மலிவான விலையிற் சிறுவரின் வாயிலுக்குச் சேர்ப்பித்தவர் மற்றொருவர். கைத்தொழில் வரலாற்றில் இது புதுமையன்று.

உறுப்புப் பெட்டி என்பது முடிந்த பொருளன்று. கடதாசிக் குழாய், மரமூக்கு, செட்டைகளின் உருவம் அச்சிட்ட மெல்லிய பால்சாப் பலகை, பரசூட்டுக்குரிய பிளாத்திக்குத் தாள், இறப்பர்ப் பட்டி, ஏவுகம்பியிற் கோத்தற்குரிய சிறு குழல் ஆகியன அதில் இருக்கும். எஞ்சியது சிறுவனின் வேலை. செட்டையை வெட்டும்போது மரத்தின் நார் முன்விளிம்பின் வழியே ஓடுமாறு வைத்து வெட்டல் வேண்டும். மாறி வெட்டின் அது பறப்பிலே முறியும். பரசூட்டை மடித்து வைக்குமுன் தீப்பற்றாத தாளை அடியில் இடல் வேண்டும்; மறந்தாற் பரசூட் உருகிவிடும். றொக்கற்று வேகமாகத் தரையில் மோதும்போது, யார் திட்டினும் பெறாத பாடத்தைச் சிறுவன் பெறுவான். 1969ஆம் ஆண்டு சந்திரப் பயணத்தையொட்டி, 363 அடி உயரமுடைய சற்றேண் 5 றொக்கற்றை நூறிலொரு பங்காகக் குறைத்துச் செய்யும் பெட்டிகளும் விற்பனைக்கு வந்தன. 1965ஆம் ஆண்டிலேயே உச்சியிலிருந்து ஒரு நிழற்படம் எடுக்குஞ் சிறு கமராவும் மாதிரி றொக்கற்றில் ஏறிவிட்டது.

உந்துபொறியைச் செய்யும் வேலை சிறுவரின் கையைவிட்டு நீங்கவே, அவர்களின் கவனம் அளத்தலின்பாற் சென்றது. இதுவே இக்கலை கண்ட உண்மையான திருப்பம். ஒவ்வோர் உந்துபொறியிலும் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து அதன் முழுக் கணத்தாக்கைக் காட்டும்: ஏ என்பது 2.5 நியூற்றன் செக்கன் வரை, பி என்பது 5 வரை, சி என்பது 10 வரை என இவ்வாறு எழுத்துதோறும் இருமடங்காகும். முதலெண் சராசரி உதைப்பை நியூற்றனிலும், இரண்டாமெண் தாமதத்தைச் செக்கனிலுங் குறிக்கும். எனவே, பி 6-4 என்பதைக் கண்ட மாணவன், உந்துமருந்து ஏறத்தாழ 0.8 செக்கனுக்கு எரியுமென்றும், அதன்பின் 4 செக்கன் கழித்துப் பரசூட் வெளிவருமென்றும் மனத்தாலேயே கணித்துக்கொள்வான். பாரமான றொக்கற்றுக்கு நீண்ட தாமதமுடைய பொறியை இட்டால் யாது நிகழும் என்பதும் அவனுக்குப் புலனாகும்.

மற்றொரு வினாவும் எழுந்தது. றொக்கற்று நேராகச் செல்லுதற்கு அதன் புவியீர்ப்பு மையம், காற்றின் விசைகள் கூடித் தாக்கும் அமுக்க மையத்துக்கு முன்னால் அமைதல் வேண்டும். முன்னதைக் கத்தி விளிம்பிற் சமநிலைப்படுத்தியே கண்டுவிடலாம். பின்னதை எவ்வாறு காண்பது? தொடக்கத்திலே மட்டையில் றொக்கற்றின் நிழலுருவை வெட்டி, அது சமநிலைப்படும் இடத்தைக் குறித்தனர். அல்லது றொக்கற்றைக் கயிற்றிற் கட்டிச் சுழற்றிப் பார்த்தனர். வானவெளி நிறுவனத்திற் பணியாற்றிய ஜேம்ஸ் பரோமன் என்னும் இளம் பொறியியலாளர், 1966ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியின் ஆராய்ச்சிப் பிரிவில் இதற்கு ஒரு கணக்கு முறையை அளித்தார். மூக்கு, உடல், செட்டை என்னும் உறுப்புகளை வெவ்வேறாகக் கொண்டு காற்றுவிசையைக் கணித்துக் கூட்டும் அம்முறை, உயர்நிலைப் பள்ளி மாணவனும் பென்சில்கொண்டு செய்யத்தக்க எளிமையுடையது. இன்றுங் கணினி நிரல்கள் அதனையே அடிப்படையாகக் கொள்கின்றன. விளையாட்டுக் களத்திற் பிறந்த வினா ஓர் ஆய்வாக முதிர்ந்தமைக்கு இதனினுஞ் சிறந்த சான்று காண்டல் அரிது.

முதலாவது தேசியப் போட்டி 1959ஆம் ஆண்டு யூலை மாதத்தில் டென்வர் நகருக்கு அணித்தே நடைபெற்றது. உயரப் பறத்தல், பரசூட்டுடன் நெடுநேரம் மிதத்தல், நீண்ட நாடாவுடன் இறங்குதல், மேலெழுந்தபின் சறுக்குவிமானம்போற் சுற்றி இறங்குதல், உண்மையான றொக்கற்று ஒன்றன் அளவு வழுவாத உருவைச் செய்தல் எனப் போட்டிகள் காலப்போக்கிற் பெருகின. இவற்றுட் பச்சைக் கோழிமுட்டையை ஏற்றிச் சென்று உடையாமல் மீட்கும் போட்டி வேடிக்கையானதும் கடினமானதுமாகும். மனிதப் பயணிக்குப் பதிலாக முட்டை. ஓட்டிற் கீறல் ஒன்று காணப்படினும் பயணம் தோல்வியே.

உயரத்தை அளந்த முறையைச் சிறிது விரித்துரைத்தல் தகும். 300 மீற்றர் இடைவெளியில் இரு நிலையங்கள் அமைத்து, ஒவ்வொன்றிலும் கிடைக்கோணத்தையும் ஏற்றக்கோணத்தையும் அளக்குங் கருவியுடன் ஒருவர் நிற்பர். பரசூட் விரியும்போது வெளிப்படும் நிறத்தூளின் முகில் இலக்காகும். இரு கிடைக்கோணங்களும் 60 பாகையாயின் முக்கோணம் சமபக்கமுடையதாம். றொக்கற்றின் நேர்கீழ்ப் புள்ளி ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் 300 மீற்றர் தொலைவில் இருக்கும். ஏற்றக்கோணம் 45 பாகையாயின் உயரமும் 300 மீற்றரே. கோணங்கள் இவ்வாறு இசைந்து வருதல் அரிதாகலின், சைன் விதியைக் கையாளல் வேண்டும். இரு நிலையத்தாரும் தனித்தனியே கண்ட உயரங்கள் பத்து வீதத்துக்கு மேல் முரண்படின் அப்பறப்பு கணக்கிற் கொள்ளப்படாது. கரும்பலகையில் வெறுப்புக்குரியதாயிருந்த திரிகோணகணிதம், வென்றவன் யார் என்பதைத் தீர்மானிக்குங் களத்திலே வேறொரு முகங் கொண்டது.

இக்கலை விரைவிலே கடல் கடந்தது. செக்கோசிலவாக்கியா, போலந்து, பல்கேரியா, யூகோசிலாவியா முதலிய நாடுகளிலே விமானக் கழகங்களின் ஆதரவில் அது வேரூன்றிற்று. அந்நாட்டவர் போட்டிக்கென்றே நுண்ணிய உருவங்களைச் செய்வதில் அமெரிக்கரை விஞ்சினர் எனினும் இழுக்கில்லை. சர்வதேச விமானச் சம்மேளனத்தின் ஆதரவில் முதலாவது உலகப் போட்டி 1972ஆம் ஆண்டில் யூகோசிலாவியாவிலுள்ள வர்ஷாட்ஸ் நகரில் நிகழ்ந்தது. அமெரிக்கரும் அதிற் பங்குபற்றினர். இரு முகாம்களின் ஏவுகணைகளும் ஒன்றையொன்று குறிபார்த்திருந்த காலத்தில், அவ்விரு முகாம்களின் இளைஞரும் ஒரே புற்றரையில் ஒருவர் றொக்கற்றை ஒருவர் தேடியெடுத்துக் கொடுத்தனர். 2006ஆம் ஆண்டுப் போட்டி கசக்ஸ்தானிலுள்ள பைக்கனூரில் நடைபெற்றது. ஸ்புட்னிக் எழுந்த இடமும் அதுவே.

இனி, இக்கலைக்கு எதிராகச் சொல்லப்பட்ட தடையொன்று ஆராய்தற்குரியது. பிறர் செய்த உந்துபொறியைக் கடையில் வாங்கிச் செருகுபவன் றொக்கற்றைப் பற்றி யாது அறிவான் என்று பிறின்லியின் வழியினர் வினவினர். மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள கோல்வூட் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரின் மாணவரை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ஹோமர் ஹிக்கமும் அவர் தோழரும் 1957 முதல் 1960 வரை தாமே எரிபொருள் கலந்து, உருக்குக் குழாயில் அடைத்து ஏவினர். முதல் முயற்சி தாயின் தோட்டத்து வேலியைத் தகர்த்தது. ஆயினும் துளைவாயின் வடிவத்தைக் கணித்தற்காக அவர்கள் நுண்கணிதத்தைத் தாமே கற்றனர். 1960ஆம் ஆண்டு தேசிய விஞ்ஞானக் கண்காட்சியிலே பரிசும் பெற்றனர். ஹிக்கம் பின்னர் வானவெளி நிறுவனத்துப் பொறியியலாளரானார். உந்துபொறி மூடிய பெட்டியாகிவிட்டால் இத்தகைய கல்விக்கு இடமில்லை என்பது உண்மையே. அதனை மறுத்தல் நேர்மையன்று.

எனினும், கோல்வூட்டில் எரிபொருள் மாத்திரம் இருக்கவில்லை. பிரீடா றைலி என்னும் இளம் ஆசிரியை இருந்தார். ஏவுகணை அமைப்புப் பற்றிய கடினமான நூலொன்றைத் தேடிக்கொடுத்து, படித்தால் விளங்குமென்று சொல்லி, மாணவரைக் கண்காட்சிக்கு அனுப்பியவர் அவரே. குழாய்களைக் கடைந்து கொடுத்த சுரங்கத் தொழிலாளரும் இருந்தனர். அவ்வம்மையார் கொடிய நோயால் 1969ஆம் ஆண்டில், முப்பது வயதைச் சிறிதே கடந்த நிலையில் மறைந்தார். அத்தகையோர் வாய்க்கப்பெறாத ஊர்களே பல. அவ்வூர்களிலுள்ள சிறுவனுக்குப் பிறின்லியின் நூல் தனியே போதாது. கார்லைலின் கடதாசிக் குழாய் போதும். இவ்வேறுபாட்டை நோக்கின், ஸ்ரைனின் பக்கமே நியாயம் மிகுதியும் சார்வதைக் காணலாம்.

சட்டத்தின் மனத்தை மாற்றுதல் நெடிய வேலையாயிற்று. வாணத்தினின்றும் மாதிரி றொக்கற்று வேறானது என்பதைச் சங்கத்தினர் மாநிலந்தோறுஞ் சென்று விளக்க வேண்டியிருந்தது. மின்கலத்தால் தொலைவிலிருந்து தீமூட்டல், எண்ணிக்கை சொல்லி ஏவல், செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேற் சரியாது நிறுத்தல், உயிர்ப்பிராணிகளை ஏற்றாமை என்னும் விதிகளை அவர்கள் தாமே வகுத்துத் தாமே கைக்கொண்டமையால், தீத்தடுப்பு அதிகாரிகளின் நம்பிக்கையைப் படிப்படியாகப் பெற்றனர். வளர்ந்தபின்னும் இவ்விருப்பம் நீங்காதவர், 1980களிலிருந்து வலிமைமிக்க பெரிய றொக்கற்றுகளை நாடினர். அவற்றில் வழங்கிய அமோனியம் பெர்குளோரேற்றுக் கலவையை வெடிபொருட் பட்டியலிற் சேர்த்த அரசுத் திணைக்களத்துடன் 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடங்கிற்று. 2009ஆம் ஆண்டில் நீதிமன்றம் றொக்கற்றுச் சங்கங்களின் பக்கமே தீர்ப்பளித்தது.

2003ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்கப் பாடசாலைகளுக்கிடையே ஆண்டுதோறும் பெரும் போட்டியொன்று நடைபெற்று வருகின்றது. அதன் முதலாண்டிலே பச்சை முட்டைகளை 1,500 அடி உயரத்துக்கு ஏற்றி உடையாது இறக்குமாறு மாணவர் பணிக்கப்பட்டனர். மிக உயரப் பறப்பவன் அதில் வெல்லான். குறித்த உயரத்துக்கு மிகாமலுங் குறையாமலும் பறப்பவனே வெல்வான். உயரத்தை இப்போது றொக்கற்றினுள் வைக்கப்படும் நகமளவான கருவியொன்று காற்றமுக்கத்தைக் கொண்டு தானே குறித்துக்கொள்கின்றது. முகிலை நோக்கிக் கோணமளந்து, சைன் அட்டவணையைப் புரட்டி, இரு நிலையத்தாரும் ஒருவர் கணக்கை ஒருவர் ஐயுற்று வாதிடும் வழக்கம் அவ்வளவில் அருகிவிட்டது. கணித ஆசிரியர் சிலருக்கு இதிலே மனக்குறையுண்டு.